அரசுப் பள்ளிக்கு ஒரு விளையாட்டுத் திடல்: ஊரில் பணம் திரட்டுவது எப்படி?

முதலில் ஜேசிபிக்காரரைக் கூப்பிடாதீர்கள். பள்ளிக்கு மைதானம் போட வேண்டும் என்று டீக்கடையில் நாலு பேர் பேசினாலே போதும், அதில் ஒருவருக்குத் தெரிந்த ஜேசிபிக்காரர் இருப்பார், "டீசலை மட்டும் போடுங்கண்ணே, நான் வந்து தள்ளிவிட்டுப் போறேன்" என்பார், மறுநாளே சீமைக்கருவேலம் எல்லாம் வேரோடு புரண்டு கிடக்கும், போட்டோ எடுத்து வாட்ஸாப்பில் போட்டால் ஆளாளுக்குக் கைதட்டுவார்கள். அதோடு சரி. ஒரு மழைக்காலம் கழித்துப் போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் முழங்கால் தண்ணீர் நிற்கும், கருவேலம் இடுப்பளவுக்குத் திரும்ப முளைத்திருக்கும். எங்கள் ஊர் நடுநிலைப் பள்ளியில் முதல் தடவை அப்படித்தான் ஆனது. இரண்டாம் தடவை பதினாலு மாதம் இழுத்தது, ஆனால் திடல் நிற்கிறது. இரண்டு தடவையும் கூடவே அலைந்தவன் நான். முதல் தடவை எதில் கோட்டை விட்டோம், இரண்டாம் தடவை பணம் எங்கிருந்தெல்லாம் வந்தது என்பதை வரிசையாகச் சொல்கிறேன்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன். "மைதானத்துக்கு நன்கொடை கொடுங்கள்" என்று கேட்டால் ஊரில் கை நீளாது. "ஒரு லோடு கிராவல் உங்கள் பேரில் இறக்கட்டுமா?" என்று கேட்டால் நீளும். கீழே வரும் எல்லாமே இந்த ஒரு கேள்வியைக் கேட்கும் இடத்துக்கு வந்து சேர்வதற்கான ஏற்பாடுதான்.

நிலம் யாருடையது?

பள்ளிக்குப் பின்னால் கிடக்கும் காலி இடம் பள்ளியுடையது என்று ஊரே நம்பிக்கொண்டிருக்கும், தாளில் வேறு மாதிரி இருக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் போய் சர்வே எண்ணைச் சொல்லி அடங்கல் என்ற கிராம நிலப் பதிவேட்டையும் புலப்பட வரைபடத்தையும் பாருங்கள். பள்ளி பேரிலா, ஊராட்சி ஒன்றியத்தின் பேரிலா, புறம்போக்கா, அல்லது அந்தக் காலத்தில் யாரோ ஒரு பெரியவர் வாய்ச்சொல்லாகக் கொடுத்து அவர் பேரன் பட்டாவில் இன்னும் இருக்கிறதா? கடைசியில் சொன்னதுதான் ஆபத்து. திடல் போட்டு முடித்த பிறகு பேரன் சென்னையிலிருந்து வந்து நிற்பார், நின்றால் சட்டம் அவர் பக்கம்தான். சர்வேயரை வைத்து அளந்து நாலு மூலையிலும் கல் நட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போங்கள். பக்கத்து வயல்காரர் இரண்டு அடி உள்ளே வந்திருந்தால் அதையும் இப்போதே, சண்டை இல்லாமல், அவரையும் கூட நிற்க வைத்து அளந்துவிடுவது நல்லது.

கூடவே இரண்டு தீர்மானங்கள் வேண்டும். முதலாவது பள்ளி மேலாண்மைக் குழுவில். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி இந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர்கள், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் இருக்க வேண்டும், பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும் இவர்கள் வேலைதான். அந்தத் திட்டத்தில் திடல் என்ற வரி ஏறட்டும். ஒரு பள்ளிக்கு என்னென்ன இருந்தே ஆக வேண்டும் என்று அதே சட்டத்தின் அட்டவணை சொல்வதில் விளையாட்டு மைதானமும் ஒன்று, கூட்டத்தில் யாராவது "இதெல்லாம் இப்ப எதுக்கு?" என்றால் எடுத்துக்காட்ட உதவும். இரண்டாவது தீர்மானம் கிராம சபையில். இப்போது ஆண்டுக்கு ஆறு கிராம சபை நடக்கிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அடுத்து எது வருகிறதோ அதில் வைத்துவிடுங்கள். தீர்மான நகல் நாலைந்து கையில் இருக்கட்டும், பின்னால் ஒவ்வொரு மனுவோடும் அதைத்தான் இணைக்கப் போகிறீர்கள்.

அளந்த பிறகு பேசுங்கள்

பிள்ளைகளிடம் கேட்காமல் திடல் போடுகிறவர்கள் பாதிப் பேர், கேட்டுவிட்டு ஆண் பிள்ளைகள் சொன்னதை மட்டும் குறித்துக்கொள்கிறவர்கள் மீதிப் பாதி. எங்கள் பள்ளியில் எட்டாம் வகுப்புப் பையன்கள் கிரிக்கெட் பிட்ச் கேட்டார்கள். அதை எதிர்பார்த்துத்தான் போனோம். பெண் பிள்ளைகள் கேட்டது வேறு. ரோட்டில் போகிறவன் வருகிறவன் பார்க்காதபடி அந்தப் பக்கம் ஒரு மறைப்பு வேண்டும், அது வந்தால் கபடி ஆடுவோம் என்றார்கள். எங்கள் எஸ்டிமேட்டில் அப்படி ஒன்று இல்லவே இல்லை. ஒன்றாம் வகுப்புக்கு ஊஞ்சல் போதும், அதிலும் சண்டை வராமல் இரண்டு வேண்டும்.

அப்புறம் அளவு. உடற்கல்வி ஆசிரியர் இருந்தால் அவரே சொல்வார், இல்லையென்றால் பக்கத்து உயர்நிலைப் பள்ளி ஆசிரியரை ஒரு டீயோடு அழைத்து வாருங்கள். வாலிபால் கோர்ட் 18 மீட்டருக்கு 9, சுற்றிலும் மூன்று மீட்டர் விட்டால் அடிக்கணக்கில் ஏறக்குறைய 79-க்கு 49. பெண்கள் கபடி 12-க்கு 8 மீட்டர், அதாவது 39-க்கு 26 அடி. கோகோ 27-க்கு 16 மீட்டர், அது 89-க்கு 52 அடி. எங்களிடம் இருந்தது கிழமேலாக 150 அடி, தென்வடலாக 100 அடி. வாலிபாலையும் கோகோவையும் கிழமேலாகப் படுக்கவைத்துப் போட்டுப் பார்த்தோம், அடங்கவில்லை. பி.டி. மாஸ்டர் பழைய காலண்டர் அட்டையை அளவுக்கு வெட்டி மேசையில் தள்ளித் தள்ளி வைத்துப் பார்த்தார், வாலிபாலைத் தென்வடலாகத் திருப்பினார், மூன்றும் உட்கார்ந்துவிட்டன. அதில் இன்னொரு லாபமும் உண்டு, சாயங்காலம் ஆடும்போது யார் கண்ணிலும் நேராக வெயில் அடிக்காது.

மண் கணக்கை மட்டும் நீங்களே போட்டுப் பழகிக்கொள்ளுங்கள், ஏமாற்றம் நடப்பதே அங்கேதான். 150-க்கு 100 அடி, அரை அடி உயரம் நிரப்ப வேண்டும் என்றால் 7,500 கன அடி. ஒரு யூனிட் என்பது 100 கன அடி, ஆகவே 75 யூனிட். ரோலர் ஓடினால் மண் அமுங்கும், கால் பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள், 94 யூனிட் ஆகிறது. மூன்று யூனிட் டிப்பர் என்றால் 32 லோடு. லோடுக்கு என்ன விலை என்று மூன்று பேரிடம் கேளுங்கள், கேட்கும்போதே வண்டியில் எத்தனை யூனிட் ஏறும் என்பதையும் கேளுங்கள், ஏனென்றால் குறைந்த விலை சொல்பவர் வண்டி சின்னதாக இருக்கும். நடைச்சீட்டு, அதாவது மண் ஏற்றிவர அரசு தரும் அனுமதிச் சீட்டு, இல்லாமல் வரும் மண்ணை எவ்வளவு மலிவாக இருந்தாலும் தொடாதீர்கள். வழியில் வண்டியைப் பிடித்தால் செய்தியில் உங்கள் பள்ளியின் பெயரும் சேர்ந்து வரும்.

மண், ரோலர் வாடகை, கம்பி வேலி, கேட், வாலிபால் கம்பம், ஊஞ்சல், சறுக்குமரம், மரக்கன்று, தண்ணீர்க் குழாய் என்று எல்லாவற்றையும் எழுதி மூன்று கொட்டேஷன் வாங்கி ஒரே பக்கத்தில் அடக்குங்கள். இரண்டாம் பக்கம் போனால் யாரும் படிப்பதில்லை. அரசுப் பணம் எதையாவது எதிர்பார்த்தால் ஒன்றியப் பொறியாளரிடமும் ஒரு எஸ்டிமேட் வாங்க வேண்டியிருக்கும், அது உங்கள் கொட்டேஷனோடு ஒத்துப்போகாது, அதற்காக மனம் தளர வேண்டாம்.

பணம் எந்தக் கணக்கில் விழ வேண்டும்?

என் கதையைச் சொல்கிறேன். முதல் தடவை அவசரத்தில் என் ஜிபே நம்பரையே குழுவில் போட்டுவிட்டேன். நாற்பதாயிரம் சேர்ந்திருக்கும். அதே வாரம் அடகில் கிடந்த வீட்டம்மாவின் சங்கிலியை என் சொந்தக் காசில்தான் திருப்பினேன், ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணத்துக்கு அவர் அதைப் போட்டுக்கொண்டு போனார். திங்கட்கிழமை ஊர் முழுக்கப் பேச்சு, "திடல் காசுல நகையைத் திருப்பிட்டான்" என்று. பாஸ்புக், அடகுச் சீட்டு எல்லாம் காட்டினேன். காட்டக் காட்டச் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. அன்றோடு வசூல் படுத்துவிட்டது.

ஆகையால் தனி ஆள் கணக்கே கூடாது. பெற்றோர் ஆசிரியர் கழகக் கணக்கிலா, பள்ளி மேலாண்மைக் குழுக் கணக்கிலா என்பதைத் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் கேட்டு முடிவு செய்யுங்கள், இரண்டு பேர் கையெழுத்து இல்லாமல் பணம் எடுக்க முடியாத கணக்காக இருக்கட்டும். எண் அச்சடித்த ரசீதுப் புத்தகம் வேண்டும், அடிக்கட்டை பள்ளியிலேயே இருக்க வேண்டும். ஐம்பது ரூபாய் கொடுத்தவருக்கும் ரசீது. இதில் நாங்கள் கண்ட ஒரு விஷயம், ஐம்பது ரூபாய்க்காரர்தான் ரசீதைப் பத்திரமாக வைத்திருப்பார், மூன்று மாதம் கழித்துக் கொண்டுவந்து "நான் குடுத்தது எந்தப் பக்கம் இருக்கு?" என்று கேட்பார். பள்ளிச் சுவரில் ஒரு பலகை அடித்து ஒவ்வொரு சனிக்கிழமையும் வரவு, செலவு, மீதி என்று சாக்பீஸில் எழுதினோம். வாட்ஸாப்பில் போடுவது போதாது, வாட்ஸாப் இல்லாதவர்கள்தான் சந்தேகப்படுகிறார்கள்.

யாரிடம், எந்த வரிசையில்?

வரிசை முக்கியம். குழுவில் இருப்பவர்கள் முதலில் தங்கள் பங்கைப் போட வேண்டும், அதற்கு முன் வெளியே ஒருவரிடமும் வாய் திறக்கக் கூடாது. போகிற இடத்தில் எல்லாம் முதல் கேள்வி "நீ எவ்வளவு போட்ட?" என்பதுதான். இரண்டாவது ஆசிரியர்கள். மூன்றாவது ஊர். பெற்றோரிடம் கட்டாயம் என்ற சொல்லே வரக் கூடாது, தலைக்கு இவ்வளவு என்று வரி போடவும் கூடாது. அரசுப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்திருப்பவர் கூலிக்குப் போகிறவராக இருப்பார். அவரிடம் ஒரு நாள் உழைப்பைக் கேளுங்கள். எங்களுக்கு வேலிக்குக் குழி வெட்டியது முழுக்க அப்படி வந்த ஆட்கள்தான், அந்தச் செலவு கொட்டேஷனிலிருந்து அப்படியே கழிந்தது.

கேட்கும் பட்டியலை இப்படிப் பிரித்தோம்: கிராவல் 32 லோடு, வேலிக் கம்பம் ஒவ்வொன்றும் தனி, வேலி பத்து பத்து அடியாக, ஊஞ்சல் இரண்டு, வாலிபால் கம்பம் ஒரு ஜோடி, வலை ஒன்று, வேப்பங்கன்று கூண்டோடு ஒன்று. மிகச் சிறிய தொகை நூறு ரூபாயில் தொடங்க வேண்டும், மிகப் பெரியது ஊரிலேயே வசதியானவர் ஒருவர் தனியாகத் தாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். அந்தப் பெரியவரிடம் கூட்டமாகப் போகாதீர்கள். அவரோடு படித்தவர் ஒருவரும் தலைமை ஆசிரியரும் மட்டும் போகட்டும், காலையில் போகட்டும், எதைக் கேட்கப் போகிறோம் என்று முன்னாலேயே பேசி வைத்துக்கொண்டு போகட்டும். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். அதுதான் கஷ்டம். அவர் யோசிக்கும் நேரத்தில் நாமே "முடியலைன்னா பாதி கூட…" என்று ஆரம்பித்தால் பாதிதான் வரும்.

ஊர்ப் பொதுவில் பணம் கிடக்கிறதா என்று பாருங்கள். திருவிழாக் கமிட்டியில் மீதம் இருக்கும், சில ஊர்களில் மீன் ஏலம், புளியமர ஏலம் என்று கொஞ்சம் இருக்கும். கேட்டால் முதலில் இல்லை என்பார்கள். அடுத்த ஊர்க்கூட்டம் வரை பொறுத்திருந்து மறுபடி கேளுங்கள்.

முன்னாள் மாணவர்கள்தான் பெரிய கை. ஆனால் "1985 முதல் 2015 வரை படித்த அனைவரும்" என்று ஒரே குழுவாகத் தொடங்கினால் அதில் காலை வணக்கமும் பூங்கொத்தும் மட்டும்தான் ஓடும். வருடத்துக்கு ஒரு குழு, குழுவுக்கு ஒரு ஆள் என்று பிரித்து, ஒவ்வொரு செட்டும் ஒரு பொருளை எடுத்துக்கொள்ளட்டும். 1998 செட் ஊஞ்சல் போட்டது என்று தெரிந்தால் 1999 செட் சும்மா இருக்காது. பள்ளிப் பழைய சேர்க்கைப் பதிவேட்டின் ஒரு பக்கத்தைத் தலைமை ஆசிரியர் எனக்குக் காட்டினார், என் பெயருக்கு நேரே அப்பாவின் கையெழுத்துக்குப் பதில் பெருவிரல் ரேகை இருந்தது. அதைப் பார்த்துவிட்டு நான் என் பங்கை இரண்டு மடங்காக்கினேன். பதிவேட்டைப் போட்டோ எடுத்து வெளியே போடாதீர்கள், அதில் பிறர் விவரம் இருக்கும். ஊருக்கு வரும்போது பள்ளிக்கு வரச் சொல்லி நேரில் காட்டச் சொல்லுங்கள்.

வெளிநாட்டுக் காசு

இதில் பல ஊர்கள் தெரியாமல் மாட்டிக்கொள்கின்றன, அதனால் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். துபாயிலோ சிங்கப்பூரிலோ வேலை பார்க்கும் உங்கள் நண்பர் இன்னும் இந்தியக் குடிமகன்தான் என்றால், தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது, பாஸ்போர்ட் நகலை வாங்கி வைத்துக்கொண்டு ரசீது போடலாம். அவர் சிங்கப்பூர்க் குடியுரிமையோ அமெரிக்கக் குடியுரிமையோ வாங்கிவிட்டால் கதை மாறிவிடுகிறது. பிறந்தது நம் ஊராக இருந்தாலும், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அவர் வெளிநாட்டவர். எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவு இல்லாத கழகமோ குழுவோ அவர் பணத்தை வாங்கக் கூடாது. பதிவு பெற்ற அமைப்புகள்கூட டெல்லியில் இருக்கும் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் தொடங்கிய கணக்கில்தான் அந்தப் பணத்தை முதலில் வாங்க வேண்டும், 2020 திருத்தத்துக்குப் பிறகு அதுதான் விதி. ஆகவே அப்படிப்பட்டவர்களை உள்ளூர்க் கணக்குக்கு அனுப்பச் சொல்லாதீர்கள். நல்ல மனதோடு அனுப்பிய காசு தலைமை ஆசிரியருக்கு விளக்கக் கடிதமாக வந்து நிற்கும்.

அரசுப் பணம்

நமக்கு நாமே திட்டம் என்று ஒன்று இருக்கிறது. 1990களின் பிற்பகுதியில் வந்தது, நடுவில் தன்னிறைவுத் திட்டம் என்று பெயர் மாறியது, 2021-க்குப் பிறகு பழைய பெயரிலேயே திரும்பி வந்தது. அடிப்படை எளிது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு போடும். ஆறு லட்சம் எஸ்டிமேட் என்றால் நீங்கள் இரண்டு லட்சம் சேர்த்தால் போதும். ஆகவே வசூலை முழுத்தொகைக்குக் குறிவைக்காமல் இந்த மூன்றில் ஒன்றுக்கு முதலில் குறிவையுங்கள், அது சேர்ந்ததும் வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்குப் போய் அந்த ஆண்டு ஒதுக்கீடு இருக்கிறதா, மனு யார் பேரில் போக வேண்டும் என்று விசாரியுங்கள், அனுமதி தருவது மாவட்ட ஆட்சியர். அனுமதி வருவதற்கு முன்னால் ஒரு மண்வெட்டி மண்கூட வெட்டாதீர்கள். பாதி முடித்த வேலைக்குப் பணம் கேட்டுப் போனால் "அதான் முடிச்சிட்டீங்களே" என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஜேசிபியை முதலில் கூப்பிடாதீர்கள் என்று நான் தொடக்கத்தில் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

எம்.எல்.ஏ. தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு மூன்று கோடி, எம்.பி.க்கு ஐந்து கோடி. தொகையைக் கேட்டால் பெரிதாகத் தெரியும், ஆனால் ஒரு தொகுதியில் எத்தனை ஊர் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அங்கே போய்த் திடல் முழுவதையும் கேட்காமல் சுற்றுச்சுவரை மட்டும் கேளுங்கள். கட்டடமாக நிற்கிற, பெயர்ப் பலகை வைக்கிற வேலைக்குத்தான் அங்கே மனசு வரும், மண் நிரப்புவதற்கு யாரும் ரிப்பன் வெட்ட வருவதில்லை. இதைக் குறையாகச் சொல்லவில்லை, எதை எங்கே கேட்டால் கிடைக்கும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சமக்ர சிக்ஷா என்ற பள்ளிக் கல்வித் திட்டத்தில் விளையாட்டு மானியம் என்று தொடக்கப் பள்ளிக்கு 5,000, நடுநிலைக்கு 10,000, உயர்நிலை, மேல்நிலைக்கு 25,000 வரை உண்டு. பந்து, வலை, கயிறு வாங்க உதவும், திடலுக்கு ஆகாது.

அடுத்து, 2022 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி என்ற திட்டம். பள்ளிக்கு என்ன தேவை என்று இணையதளத்தில் ஏற்றிவிட்டால், கொடுக்க நினைப்பவர் தன் பள்ளியைத் தேடி, எந்தத் தேவைக்கு என்று சொல்லியே பணம் கட்டலாம். வெளியூரில் இருப்பவர்களுக்கும் "லோக்கல் கணக்கில் போட பயமாக இருக்கிறது" என்பவர்களுக்கும் இது வசதி. வரிச் சலுகைச் சான்றிதழும் கிடைக்கும். ஆனால் வரிச் சலுகை, வரிச் சலுகை என்று சொல்லிச் சொல்லியே வசூல் செய்யாதீர்கள். புதிய வரிமுறைக்கு மாறிவிட்ட சம்பளக்காரர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது, பழைய முறையில் இருப்பவருக்கும் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது.

கம்பெனிகள்

கம்பெனிகள் சட்டம் 2013-இன் 135-ஆம் பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடியோ, விற்றுமுதல் 1,000 கோடியோ, நிகர லாபம் 5 கோடியோ தொட்ட நிறுவனம் கடந்த மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கல்வியும் கிராமப்புற விளையாட்டும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன, தான் இயங்கும் பகுதிக்கு முன்னுரிமை தர வேண்டும் என்றும் சட்டம் சொல்கிறது. ஆகவே சென்னையில் இருக்கும் பெரிய பெயர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி நேரத்தைக் கழிக்காமல், உங்கள் ஒன்றியத்துக்குள் புகை விடுகிற ஆலை எது என்று பாருங்கள். பட்ஜெட் ஏப்ரலில் பிறக்கிறது, ஏப்ரல், மே மாதங்களிலேயே கடிதம் அவர்கள் மேசையில் இருக்கட்டும். தணிக்கை செய்த கணக்கு இல்லாத ஊர்க் குழுவுக்கு அவர்கள் நேராகப் பணம் தர மாட்டார்கள், 2021 ஏப்ரலிலிருந்து அவர்களுக்காக வேலை செய்து கொடுக்கும் அமைப்பு சி.எஸ்.ஆர்.-1 என்ற படிவத்தில் மத்திய அரசிடம் பதிவு செய்திருக்கவும் வேண்டும். அதனால் மேலே சொன்ன அரசு இணையதளம் வழியாகவோ, பொருளாகவோ கேட்பதுதான் சுலபம். நாங்கள் கேட்டது வேலிக் கம்பி. மூன்று இடத்தில் பதிலே இல்லை, நான்காவது இடத்தில் தலைமை ஆசிரியரின் பழைய மாணவி கணக்குப் பிரிவில் இருந்தார். கம்பி வந்துவிட்டது.

கல்விச் சீர்

இது நம் ஊர்ச் சரக்கு. புதுக்கோட்டைப் பக்கமெல்லாம் பார்த்திருப்பீர்கள், பெண்ணுக்குத் தாய்வீட்டுச் சீர் கொண்டுபோவதுபோல ஊரே தட்டு ஏந்தி, மேளம் முழங்க, பள்ளிக்குச் சீர் கொண்டுபோவது. ஊர்க்காரர்கள் பள்ளிக்குக் கொடுப்பது நமக்குப் புதிதும் இல்லை. 1950களின் கடைசியில் காமராஜர் முதல்வராகவும் நெ.து.சுந்தரவடிவேலு கல்வித் துறை இயக்குநராகவும் இருந்த காலத்தில் பள்ளிச் சீரமைப்பு மாநாடு என்று ஊர் ஊராக நடத்தி, மக்களிடமிருந்தே நாற்காலி, மேசை, கட்டடம், நிலம் என்று பள்ளிகளுக்கு வாங்கினார்கள்.

நாங்கள் இதைக் கடைசியில்தான் வைத்தோம், மண் இறங்கி வேலி நின்ற பிறகு. காரணம் இருக்கிறது. வெறும் பொட்டலுக்குச் சீர் கொண்டுவரச் சொன்னால் பேனாவும் நோட்டும் பீரோவும்தான் வரும். திடல் கண்ணுக்குத் தெரிந்த பிறகு வந்த தட்டுகளில் வாலிபால், ரிங், ஸ்கிப்பிங் கயிறு, கேரம் போர்டு, விசில், முதலுதவிப் பெட்டி என்று இருந்தன. கடைசி வரிசையில் இட்லிக் கடை ஆயா ஒருவர் தட்டு இல்லாமல், தலையில் சும்மாடு கட்டி, கயிறு இழுக்கும் போட்டிக்கான தேங்காய் நார் வடம் ஒன்றைச் சுருட்டி வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். கனம் தாங்காமல் இரண்டு இடத்தில் நின்று நின்று வந்தார், யாரையும் தொடவிடவில்லை. என்ன வேண்டும் என்ற பட்டியலை ஒரு மாதம் முன்பே டீக்கடை, ரேஷன் கடை, பால் சொசைட்டி மூன்று இடத்திலும் ஒட்டுங்கள், யார் எதைக் கொண்டுவருகிறார் என்று பெயர் எழுதிக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பதினெட்டு சுவர்க் கடிகாரம் வந்து சேரும்.

பணம் திரட்டக் கபடிப் போட்டி நடத்தலாமே என்று இளைஞர்கள் கட்டாயம் கேட்பார்கள். நடத்துங்கள், ஆனால் அதில் பணம் வரும் என்று கணக்குப் போடாதீர்கள். பரிசுத் தொகை, பந்தல், மைக்செட், லைட், நடுவர், வெளியூர் அணிக்குச் சாப்பாடு என்று போனால் கையில் மிஞ்சுவது போஸ்டரும் தொண்டைக்கட்டும்தான்.

செலவு செய்யும்போது

மண், வாட்டம், வேலி, அப்புறம்தான் பொருள். நாங்கள் முதல் தடவை செய்த பெரிய தப்பு திடலைத் தட்டையாகச் சமன் செய்ததுதான். பார்க்க அழகாக இருந்தது. ஐப்பசி மழையில் பத்து நாள் குளமாகக் கிடந்தது. நூறு அடிக்கு ஒரு அடி வாட்டம் கொடுத்து, தண்ணீர் எந்தப் பக்கம் வெளியேறும் என்பதை முதலிலேயே முடிவு செய்யுங்கள், அந்தப் பக்கம் யார் வீடு இருக்கிறது என்பதையும் பாருங்கள். கோடைமழை ஒன்று பெய்து மண் தானாக அமர்ந்த பிறகு ரோலர் ஓட்டினால் பாதி டீசல் மிச்சம்.

சறுக்குமரம் இன்னொரு பாடம். பளபளவென்று ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் நன்கொடையாக வந்தது, சறுக்கும் பக்கம் மேற்கே பார்க்க வைத்துவிட்டோம், நிழல் இல்லை. மதியச் சாப்பாடு முடிந்து முதலில் ஏறிய இரண்டாம் வகுப்புப் பையன் பாதியில் அலறினான், கெண்டைக்கால் சிவந்துபோயிருந்தது. அன்றைக்கே கழற்றி, வேப்பமரத்தடியில் வடக்குப் பார்க்க நட்டு, கீழே ஆற்றுமணல் ஒரு அடி ஆழத்துக்குப் போட்டோம். இரும்புச் சாமான் எது வாங்கினாலும் முதலில் நிழல் எங்கே விழுகிறது என்று மதியம் பன்னிரண்டு மணிக்குப் போய் நின்று பாருங்கள்.

ஒவ்வொரு பில்லும் பள்ளியின் பேரில் இருக்க வேண்டும், லோடு இறங்கும்போது ஒருவர் நின்று எண்ண வேண்டும். கொடுத்தவர் பெயரைத் திடலில் எழுதுவதா வேண்டாமா என்று பெரிய விவாதம் வரும். எங்கள் முடிவு, தொகை எழுதாமல் பெயரை மட்டும், அகர வரிசையில், ஒரே அளவு எழுத்தில். இரண்டு பேர் கோபித்துக்கொண்டார்கள். ஒருவர் இன்னும் பேசுவதில்லை.

சேர்ந்த பணத்தில் பத்தில் ஒரு பங்கை எடுத்துத் தனியாக வைப்பு நிதியில் போட்டுவிடுங்கள், எவ்வளவு நெருக்கினாலும் அதைத் தொடாதீர்கள். வாலிபால் வலை வெயிலில் இற்றுப்போகும், ஊஞ்சல் கொக்கி தேயும், கருவேலம் கேட்காமலே வரும். ஆண்டுக்கு ஒரு முறை மழைக்கு முன்னால் கருவேலங்கன்று பிடுங்கும் நாள் என்று வைத்திருக்கிறோம், அன்றைக்குச் சாம்பார் சாதம் உண்டு என்பதால் ஆள் குறைவதில்லை.

கேட் சாவி யாரிடம் என்பதையும் தீர்மானத்திலேயே எழுதுங்கள். பூட்டியே கிடந்தால் கொடுத்தவர்கள் திட்டுவார்கள், திறந்தே கிடந்தால் காலையில் பாட்டில் பொறுக்க வேண்டியிருக்கும். எங்கள் சாவி எதிரே மளிகைக்கடை வைத்திருக்கும் அக்காவிடம் இருக்கிறது. பள்ளி விட்டதும் நாலரைக்குத் திறக்கிறார், விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பூட்டுகிறார். அதற்கு அவர் காசு எதுவும் வாங்குவதில்லை, பந்து வேலியைத் தாண்டிக் கடைக்குள் விழுந்தால் மட்டும் திட்டு வாங்கிக்கொண்டுதான் எடுத்துவர வேண்டும்.